வெள்ளை உடுப்புப் புனிதர்

புனிதர்களை அடையாளம் காண்பதில் மரியமலருக்கு ஒரு கர்வம் உண்டு. கையில் குழந்தையும் லீலிப்பூவும் என்றால் அந்தோனியார். உடம்பெல்லாம் அம்பு தைத்திருந்தால் செபஸ்தியார். குதிரையில் வந்தால் சந்தியோகுமையோர், காலடியில் பிசாசு கிடந்தால் மிக்கேல் சம்மனசு. ஜெர்மன்காரரின் பழைய கோவிலுக்குள் போனால், சுவரோரம் நிற்கும் கற்சிலைகளைப் பார்த்து, சொந்தக்காரரைக் கண்டதுபோல ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக்கொண்டு போவாள். கூட வருகிறவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வருவார்கள். இந்தக் கர்வம்தான் ஒருநாள் அவளைக் குப்புற விழுத்தியது.

அவளுடைய கணவர் ஜேசுரட்ணத்துக்கு வீடு துப்புரவாக்கும் கம்பனி ஒன்றில் வேலை. இறந்துபோனவர்களும் முதியோர் இல்லத்துக்குப் போனவர்களும் கடையை மூடியவர்களும் விட்டுப்போகும் தட்டுமுட்டுச் சாமான்களை அள்ளி லொறியில் ஏற்ற வேண்டும். அதில் ஒன்றைக் கையோடு கொண்டுவராவிட்டால் அவருக்கு மனம் ஆறாது. ஓடாத மணிக்கூடு, ஒரு காது உடைந்த சூப்புக் கோப்பை, யாரோ ஒரு ஜெர்மன் கிழவரின் ஊன்றுகோல் என்று டுசல்டோர்ஃபில் அவர்கள் இருந்த மூன்றாம் மாடி வீடு நிறைந்துகொண்டே வந்தது. மரியமலர் ஒவ்வொன்றுக்கும் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தப் படத்தைக் கொண்டுவந்த அன்று மட்டும் அவள் அடித்துக்கொள்ளவில்லை. பொன்னிறச் சட்டம் போட்ட பெரிய படம். நடுவில் தொளதொளவென்று வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர், இரண்டு கைகளையும் விரித்து, வாய் திறந்து, வானத்தைப் பார்த்தபடி நிற்கிறார். தலையைச் சுற்றி வட்டமாக ஒரு வெள்ளை. அவரைச் சூழ்ந்து கறுத்த அங்கி போட்ட பெரிய மனிதர்கள். அதில் ஒருவர் தன் உயரத்துக்கு நீளமான வெள்ளிநிறச் சாமான் ஒன்றைத் தோளில் சாய்த்துப் பிடித்திருக்கிறார். பக்கத்தில், பல நிறத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த உடுப்போடு, முகத்தைக் கறுப்பால் மூடிய ஒருவன் குனிந்து நிற்கிறான். பின்னால் கல்லறைகள். ஓரத்தில் ஒரு கழுதை.

மரியமலர் ஒரு பார்வையில் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டாள்.

"யேசுவே! ஆரப்பா இவரைக் குப்பையில போட்டது?" என்று ஈரத் துணியை எடுத்து ஓடிவந்தாள். "பாருங்கோ, தலையில ஒளிவட்டம். சுத்திவர ஃபாதர்மார். ஆளுயர மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு சுத்துப்பிரகாரம் வருகினம். இந்த ஒட்டுப்போட்ட உடுப்புக்காரன் குஷ்டரோகி, பாவம், முகத்தை மூடியிருக்கிறான். இவர் சுகப்படுத்தப் போறார். அங்கால செத்தவையையும் எழுப்புவார்போல."

ஜேசுரட்ணம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் வந்ததுபோல் இருந்தது. ஆனால் மரியமலர் வாயைத் திறக்க விட்டால்தானே! "ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றாள். அவர் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேசாமல் போய் ஆணியை எடுத்து வந்தார். அரைமணி நேரத்துக்குள் வெள்ளை உடுப்புக்காரர் திருஇருதயப் படத்துக்கும் கேவலார் யாத்திரைத் தலத்து மாதாவுக்கும் நடுவில், சிவப்பு மின்குமிழுக்குக் கீழே குடியேறிவிட்டார்.

புனிதரின் பேர்தான் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை செபமாலைக்கு வந்த மக்டலீன் அக்கா, செபக்குழுவில் மூத்தவர் என்ற உரிமையோடு, இவர் புனித றோக் என்று ஒற்றைக் காலில் நின்றார். றோக்கோடு நாய்தான் வரும், கழுதை வராது என்று மரியமலர் மறுத்தாள். பேர் இல்லாவிட்டால் என்ன, புனிதர் தன் வேலையைக் காட்டினார். மக்டலீன் அக்காவின் மகன் டக்ளஸுக்கு எங்கு கேட்டும் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் இருந்தது. அக்கா படத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்று அழுத அடுத்த கிழமை, ஒரு தச்சுப்பட்டறையில் அவனைத் தொழில் பழக எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அக்கா வரும்போதெல்லாம் அந்த ஆளுயர மெழுகுதிரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தவறுவதில்லை. மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். கண்ணாடியில் அந்த இடம் மட்டும் விரல் பட்டு மங்கிப்போய்விட்டது.

இப்படி எல்லாம் நல்லாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜேசுரட்ணத்தின் மலப் பரிசோதனையில் இரத்தம் இருப்பதாகக் குடும்ப வைத்தியர் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்று ஒரு சிறப்பு வைத்தியரிடம் அனுப்பினார். ஜேசுரட்ணம் ரெர்மின் எடுத்தார், வைத்தியரைப் பார்க்க நாளும் நேரமும் குறித்தாயிற்று. பிறகு, வேலை என்று சொல்லி அதைத் தள்ளினார். திரும்ப எடுத்தார், தடிமன் காய்ச்சல் என்று தள்ளினார். அதற்குப் பிறகு எடுத்ததையும் ஏன் தள்ளினார் என்று சொல்லவே இல்லை.

"தேடினால்தான் வருத்தம் வரும்" என்றார். "தேடாமல் விட்டால் அது தன்ர பாட்டில கிடக்கும்."

அப்படிச் சொன்னவருடைய அண்ணர் ஒருவர் பாரிஸில் இருந்தார். வயிறு சரியில்லை என்று கடைசி நேரத்தில் ஆசுபத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அண்ணர் பிந்திப் போனதால்தான் செத்தார் என்பது மரியமலரின் கட்சி. போனதால்தான் செத்தார் என்பது ஜேசுரட்ணத்தின் கட்சி. முப்பது வருசத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தவர்கள், ஆளையாள் அசைக்க முடியவில்லை. மரியமலர் அழுது பார்த்தாள், சமைக்காமல் இருந்து பார்த்தாள். அவர் தானே முட்டை பொரித்துச் சாப்பிட்டுவிட்டு அவளுக்கும் ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு நல்ல மனுசன் மேல் கோபப்படவும் முடியாது. அவர் செத்துப்போய்விடுவார் என்ற பயம் அவளுடைய நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

ஒரு ஆறுதல் மட்டும் இருந்தது. கோவிலுக்கு வந்தால் கடைசி வாங்கில் உட்கார்ந்து தூங்குகிற அந்த மனுசன், இப்போது விடிய வேலைக்குப் போகமுதல் வெள்ளை உடுப்புப் புனிதருக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகத் தொடங்கியிருந்தார். சிலுவை அடையாளம் போடமாட்டார், வாய் அசையாது. சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார். புனிதர் எப்படியும் அவருடைய மனதை மாற்றிவிடுவார் என்று மரியமலர் நம்பினாள். அவர் நாலாவது தரமும் ரெர்மின் எடுத்தபோது அந்த நம்பிக்கை இரட்டிப்பானது. வாற புதன்கிழமை. போவியளோ என்று கேட்டதற்கு, "யோசிப்பம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மகள் கிறிஸ்ரினா வந்தாள். அவளுக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை, நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை அம்மாவின் சாப்பாட்டுக்காக ரயிலேறி வருவாள். புதுப் படத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டாள். வடிவாக இருக்கிறது என்று தொலைபேசியைப் பிடித்து ஒரு படம் எடுத்தாள். இந்தக் காலத்துத் தொலைபேசி சும்மா இருக்குமா? படத்தின் சாதகத்தையே எடுத்து நீட்டிவிட்டது. கிறிஸ்ரினா வாசித்தாள். பிறகு குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, உந்தப் படத்தில நிக்கிறது ஆர்?"

"புனிதர்."

"என்ன புனிதர்?"

"அது இன்னும் முடிவாகேல்லை. மக்டலீன் அக்கா றோக் எண்டுறா. உனக்கு என்ன தெரியும்?"

"நீங்கள் கதிரையில இருங்கோ, சொல்லுறன்."

மரியமலர் கையில் இருந்த அகப்பையோடு உட்கார்ந்தாள்.

"இது பிரான்சில கீறின படம். முந்நூறு வருசமாகுதாம். இதில நிக்கிறவை எல்லாரும் நாடகத்தில வாற பபூன்மார்."

"அந்த வெள்ளை உடுப்புக்காரர்?"

"அவர்தான் எல்லாரிலும் பெரிய பபூன். சரியான பயந்தாங்கொள்ளியாம். எந்த நாடகத்தில வந்தாலும் மற்றவை அவனைப் பேய்க்காட்டுவினமாம்."

"பின்ன ஒளிவட்டம்?"

"தொப்பி."

"அந்த ஃபாதர்மார்?"

"ஃபாதர்மார் இல்லை அம்மா, டொக்டர்மார். டொக்டர்மாரை நக்கலடிக்கத்தான் அந்த மனுசன் இதைக் கீறினதாம். ஒரு வருத்தமும் இல்லாத ஆளைப் பிடிச்சு வைத்தியம் செய்து சாக்காட்டுறினம். அதுதான் பின்னால சுடலை. அவன் வானத்தைப் பாத்துச் செபம் சொல்லேல்லை. காப்பாத்துங்கோ எண்டு குழறிக்கொண்டு ஓடுறான்."

மரியமலர் அகப்பையை இறுக்கிப் பிடித்தாள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப அந்த மெழுகுதிரி?"

கிறிஸ்ரினா கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். "அது எனிமா ஏத்திற குழாய்."

"எங்க ஏத்திறது?"

"எங்க அம்மா ஏத்துவினம்?"

மரியமலரின் கண்ணுக்கு முன்னால் மக்டலீன் அக்கா வந்து நின்றார். பயபக்தியோடு குழாயைத் தொட்டார். கண்ணில் ஒற்றினார். அவருக்குப் பின்னால் முழுச் செபக்குழுவும் வரிசையில் நின்றது.

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது, படத்தைக் கீறினவன் மேல். பிறகு வெட்கம் வந்தது. அதற்குப் பிறகு வயிற்றின் அடியிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது பாருங்கள், அகப்பை ஒரு பக்கம் விழ, அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கிறிஸ்ரினாவும் சேர்ந்துகொண்டாள். தாயும் மகளும் மூச்சுவிட முடியாமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இப்ப இதை டொக்டர்மாரே வாங்கித் தங்கட இடத்தில கொழுவுவினமாம்" என்றாள் கிறிஸ்ரினா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்பாட்டச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்."

அந்தச் சொல்லோடு மரியமலரின் சிரிப்பு நின்றது.

"அப்பாக்கு மூச்சுக் காட்டாத."

"ஏன்?"

"விசரே உனக்கு? புதன்கிழமை ரெர்மின். இந்தப் படத்தை நம்பித்தான் அந்த மனுசன் கொஞ்சமாவது இளகி வந்திருக்குது. முந்நூறு வருசத்துக்கு முந்தியே டொக்டர்மார் ஆக்களை இப்பிடித்தான் சாக்காட்டினவை எண்டு தெரிஞ்சால், பிறகு அந்தாள் அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்குமே? இந்தப் படத்தையே தூக்கிக்கொண்டு வந்து எனக்குக் காட்டும்."

கிறிஸ்ரினா தலையாட்டினாள். அம்மா சொல்வதில் நியாயம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளை ரயில் ஏற்றிவிட்டு வந்த கையோடு மரியமலர் வேலையில் இறங்கினாள். பொய் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சொல்லப் பாவம் கிடைக்காமல், அயல்வீட்டுக்காரியை மனதுக்குள் திட்டியதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறவள் அவள். என்றாலும் துணிந்துவிட்டாள். ஜேசுரட்ணம் சோபாவில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்காமல், காய்ந்த உடுப்புகளை மடித்தபடி தொடங்கினாள்.

"இஞ்சேருங்கோ, எங்கட புனிதர் ஆர் எண்டு தெரியவந்திட்டுது."

"ஓ? ஆராம்?"

"வயித்து வருத்தக்காரருக்கு எண்டே உள்ள புனிதராம். குடல், இரைப்பை எல்லாம் அவற்ற பொறுப்பாம்."

"ஆர் சொன்னது?"

"மக்டலீன் அக்கா ஒரு ஃபாதரிட்டக் கேட்டவ." ஒரு பெனியனை எடுத்து மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள். "பிரான்ஸ் நாட்டுக்காரராம். சுத்தி நிக்கிறவை டொக்டர்மாராம். வருத்தக்காரரைத் தாங்களே வைச்சிருக்காமல் டொக்டர்மாரிட்ட அனுப்புவாராம் அவர். போ, பயப்பிடாத, நான் கூட வாறன் எண்டு சொல்லுவாராம். அப்பிடிப் போன ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லையாம்."

ஜேசுரட்ணம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். படத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பெனியன் மூன்றாம் முறையும் மடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

"அவற்ற பேர் என்னவாம்?"

மரியமலர் இதை யோசிக்கவில்லை. முழுப் புனிதரையும் உண்டாக்கியவள் பேர் வைக்க மறந்துவிட்டாள். "அது... பிரெஞ்சுப் பேர். எங்கட வாயில நுழையாது" என்றாள்.

"அந்தக் கழுதை?"

"அதுக்கும் வயித்துக்குத்துத்தான்."

ஜேசுரட்ணம் சட்டென்று வேறு பக்கம் திரும்பினார். இருமினார். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, அவளுடைய கையிலிருந்த பெனியனை மெல்ல வாங்கி, தானே மடித்து வைத்தார்.

"சரி. புதன்கிழமை போவம்" என்றார்.

மரியமலருக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. உடுப்புகளை அள்ளிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். இல்லாத புனிதர் ஒருவரின் பேரில் பொய் சொன்னது பெரிய பாவமோ சின்னப் பாவமோ என்று மாதாவிடம் கேட்டாள். மாதா மறுமொழி சொல்லவில்லை. அது சின்னதாகத்தான் இருக்கும் என்று அவளே தீர்மானித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் குடலைக் கழுவுகிற மருந்தைக் கலந்து குடிக்க வேண்டியிருந்தது. போத்தலைத் திறந்து மணந்து பார்த்த ஜேசுரட்ணம் முகத்தைச் சுளித்தார். "பள்ளிக்கூட லீவுக்கு அம்மா மூக்கைப் பொத்திப் பருக்கிற பேதிதான். ஜெர்மன்காரன் கொஞ்சம் தேசிக்காய் வாசம் போட்டு வைச்சிருக்கிறான்." மரியமலர் தானும் அன்றைக்கு வெறும் தண்ணீரில் இருப்பதென்று நேர்ந்திருந்தாள். அவர் ஒரு கிளாஸ் மருந்து குடிக்க, எதிரே இருந்து அவள் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தாள். இடையிடையே அவர் குளியலறைக்கு ஓடினார். வெளியே வரும்போதெல்லாம், "உம்மட பிரெஞ்சுக்காரர் நல்லா வேலை செய்யிறார்" என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். நீண்ட நாளைக்குப் பிறகு இருவரும் கலகலவென்று இருந்த பின்னேரம் அதுதான். பேதி குடித்த வீட்டில் இவ்வளவு சந்தோசம் இருக்கலாமென்று யார் கண்டது!

புதன்கிழமை காலை டிராமில் போய் இறங்கினார்கள். வைத்தியரின் இடம் இரண்டாம் மாடியில், வெளிச்சமாக, துப்புரவாக இருந்தது. மயக்கமருந்து கொடுப்பதால் கூட்டிப்போக ஆள் வேண்டுமென்று சொல்லியிருந்தார்கள். மரியமலர் அந்தப் பொறுப்பின் மிடுக்கோடு காத்திருக்கும் அறைக் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிர்ச் சுவரில் வெள்ளை உடுப்புக்காரர் நின்றார். அதே விரித்த கை, அதே திறந்த வாய், அதே குழாய். வீட்டில் இருப்பதைவிடப் பெரிய படம். போதாததற்குக் கீழே ஒரு சின்னத் தகடு வேறு. அதில் ஜெர்மனில் கொட்டை எழுத்துகள்: நாடகக் கோமாளிகளை வைத்து வைத்தியர்களைப் பரிகசிக்கும் பிரெஞ்சுப் படம்.

டொக்டர்மாரே வாங்கிக் கொழுவுவார்கள் என்று மகள் சொன்னது அவளுடைய காதில் கணீரென்று கேட்டது. ஜேசுரட்ணம் பின்னால் ஜக்கற்றைக் கழற்றிக் கொழுவிக்கொண்டிருந்தார். இன்னும் திரும்பவில்லை. மரியமலர் வயதையும் முழங்கால் வலியையும் மறந்து ஒரே எட்டில் போய்ப் படத்துக்கு முன்னால் நின்றாள். தகடு அவளுடைய தோளுக்குப் பின்னால் மறைந்தது. படத்தின் மேற்பாதி தலைக்கு மேல் தெரிந்தது. குளிர்காலக் கோட்டை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தாள். அப்படியும் கழுதை வெளியே தெரிந்தது.

"ஏனப்பா அதில நிக்கிறீர்? இதில இரும்" என்றார் ஜேசுரட்ணம் பக்கத்துக் கதிரையைத் தட்டி.

"இல்லை, எனக்கு வேர்க்குது. காத்து வாங்குறன்."

சுவரோரம் இருந்த ஒரு ஜெர்மன் அம்மா தன் சஞ்சிகையைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார். கோட்டை விரித்தபடி சுவரில் ஒட்டிக்கொண்டு காற்று வாங்குகிறவளை அவர் அதற்கு முன் கண்டிருக்கமாட்டார். வரவேற்பில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, இருக்கலாமே என்றாள். மரியமலர் மிக மரியாதையாக நன்றி சொன்னாள், அசையவில்லை. மாதாவே, இந்த மனுசன் உள்ளே போகும்வரைக்கும் என்னை இந்த இடத்தில் நிறுத்திவை என்று வேண்டினாள். கை கடுத்தது. நேற்று முழுவதும் சாப்பிடாததால் தலை லேசாகச் சுற்றியது. ஒரு வாசகம் அவருடைய கண்ணில் பட்டால் எல்லாம் போச்சு. ஜக்கற்றைத் திரும்பப் போட்டுக்கொண்டு டிராமுக்குப் போய்விடுவார். பிறகு எந்த மாதாவாலும் அவரை இந்தப் படியேற்ற முடியாது.

"ஹெர் ஜேசுரட்ணம்" என்று கூப்பிட்டார்கள்.

அவர் எழுந்தார். நேரே கதவுக்குப் போகாமல் அவளிடம் வந்தார்.

"கொஞ்சம் விலகுமப்பா."

"ஏன்? அவை கூப்பிடுகினம், போங்கோ!"

"ஆளைப் பாத்திட்டுப் போறன்."

தோளில் கைவைத்து மெல்ல அவளை ஒரு பக்கம் நகர்த்தினார். கோட்டு மூடிக்கொண்டது, படம் திறந்துகொண்டது. ஜேசுரட்ணம் குனிந்து தகட்டை வாசித்தார். ஆறுதலாக, ஒரு எழுத்து விடாமல். மரியமலர் கண்ணை இறுக்கி மூடினாள். மூடிய கண்ணுக்குள் அவருடைய காலடிச் சத்தம் கேட்டது. அது வாசலுக்குப் போகும் சத்தமா, உள்ளே போகும் சத்தமா என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது வைத்தியர் அறைக் கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டிருந்தது.

அவர் உள்ளே போய்விட்டார். வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். மரியமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதிரையில் பொத்தென்று இருந்தாள். ஜெர்மன் அம்மா தன் பையிலிருந்து ஒரு இனிப்பு எடுத்து நீட்டினார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்த செபமெல்லாம் கலந்து கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருபாடு நேரத்துக்குப் பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். வைத்தியர் ஒரு பெண், சிரித்த முகம். குடலில் ஒரு சின்னச் சதை வளர்ந்திருந்தது, அதைப் பார்த்த கையோடு எடுத்துவிட்டோம், இப்போதைக்குத் தீங்கானதுபோல் தெரியவில்லை, ஆய்வுக்கும் அனுப்பியிருக்கிறோம் என்றார். பிறகு, "இன்னும் சில வருசம் விட்டிருந்தால் வேறு கதை" என்று சொல்லி, அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரைச்சீலைக்குப் பின்னால் ஜேசுரட்ணம் படுத்திருந்தார். மயக்கம் முழுவதும் தெளியாமல் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. மரியமலர் கட்டிலோரம் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்தாள்.

"வாசிச்சனீங்களே?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்க வரவில்லை.

"என்னத்தை?"

"அந்தத் தகட்டை."

"எனக்கு முதலே தெரியுமப்பா." நாக்குக் கொஞ்சம் குழறியது. "அந்தப் படம் ஒரு கிழட்டு டொக்டற்ற இடத்தைத் துப்புரவாக்கேக்க எடுத்தது. தந்ததே அவர்தான். ஆர் ஆர் எண்டு ஒவ்வொரு ஆளாக் காட்டி, சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவர். உமக்குச் சொல்லிச் சிரிக்கத்தான் கொண்டு வந்தனான். நீர் அதுக்குள்ள ஆணி கேட்டிட்டீர்."

மரியமலர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தெரிஞ்சுகொண்டே இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனீங்களே? செபக்குழு முழுக்க அந்தக் குழாயைத் தொட்டுக் கும்பிட்டதே!"

"முதல்ல உம்மட சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரேல்லை. பிறகு அந்த ஆளை எனக்கே பிடிச்சுப்போச்சு." மேலே பார்த்தபடி பேசினார். "மற்றப் புனிதர்மார் ஒருத்தருக்கும் பயமில்லை. அம்பு தைச்சாலும் சிரிச்சுக்கொண்டு நிக்கினம். இவன் ஒருத்தன்தான் பயந்து குழறுறான். எனக்கும் பயம், மலர். விடியவிடிய அவனைப் பாத்தால், நான் தனிய இல்லை எண்டு இருக்கும்."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே?"

"வெக்கமாக் கிடந்தது."

அவள் அவருடைய கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கண்ணீர் தன்பாட்டில் ஓடியது. துடைக்கத் தோன்றவில்லை. "பிறகு எப்பிடி வந்தனீங்கள்? நான் சொன்னது முழுப் பொய் எண்டு தெரிஞ்சும் ஏன் வந்தனீங்கள்?"

ஜேசுரட்ணம் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுசி, எனக்காக ஒரு புனிதரையே உண்டாக்கிக்கொண்டு வந்து நிண்டீர். கழுதைக்கும் வயித்துக்குத்து எண்டீர். அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, என்னைவிட உமக்குத்தான் பயம் கூட எண்டு. அந்தப் பயத்தோட உம்மைத் தனிய விட்டிட்டு நான் எங்கயப்பா ஓடுறது?"